மலைநாட்டு உல்லாசப் பயணம்: ஏறும் வழியும் இறங்கும் வழியும்



சித்திரை பிறந்துவிட்டால் நுவரெலியாவை நோக்கிச் செல்லும் வீதிகளெல்லாம் திருவிழாக் கோலம் பூண்டுவிடுகின்றன. கொழும்பின் வெக்கையைத் தாங்கமாட்டாதவர்கள் குடும்பம் குடும்பமாக மலையேறி வருகிறார்கள். ஒரு வானில் பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை அனைவரும் இருப்பார்கள். கூரையின் மேல் பாயும் சட்டியும் பானையும் கட்டப்பட்டிருக்கும். டிசம்பர் மாதப் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரையில் சிவனொளிபாதமலைக்குச் செல்லும் யாத்திரிகர்களின் வண்டிகள் அட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை நோக்கி இரவிரவாக ஊர்ந்துகொண்டிருக்கும். மலைநாட்டில் வாழும் நம்மவர்களும் சும்மா இருப்பதில்லை. கதிர்காமத்துக்கும் முன்னேஸ்வரத்துக்கும் திருக்கேதீஸ்வரத்துக்கும் வான் பேசிப் புறப்படுகின்றனர். தோட்டத்தில் இரண்டு மூன்று லயங்களைச் சேர்ந்தவர்கள் பணம் சேர்த்து ஒரு பஸ்ஸை வாடகைக்கு அமர்த்துவதும் உண்டு.

இவ்வாறு மகிழ்ச்சியை நாடிப் புறப்படும் பயணத்தை எவ்வாறு பத்திரமாகவும் சட்டத்துக்கு அமைவாகவும் நடத்தி வீடு திரும்புவது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். யாரையும் அச்சுறுத்திப் பயணத்தைத் தடுப்பது என் நோக்கம் அன்று. மலையின் அழகைக் காணப் போகிறவர், அந்த மலையின் குணத்தையும் சற்று அறிந்துகொண்டு போகவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அண்மைக் காலத்தில் நிகழ்ந்த மூன்று துயரங்களை முதலில் நினைவூட்டுகிறேன். 2023ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் திகதி, கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த பாடசாலை மாணவர்களின் பஸ் ஒன்று நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் ஒரு வானோடும் முச்சக்கர வண்டியோடும் மோதியது. வானிலும் முச்சக்கர வண்டியிலும் இருந்த 7 பேர் உயிரிழந்தார்கள். 2025 மே 11ஆம் திகதி விடியற்காலையில், நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும் வீதியில், கொத்மலை கெரண்டியெல்லவில் ஒரு பயணிகள் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு செப்டம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல - வெல்லவாய வீதியில், தங்காலையிலிருந்து உல்லாசப் பயணம் வந்தவர்களின் பஸ் பாதாளத்தில் சரிந்து 15 பேர் இறந்தனர்.

இவற்றுள் ஒவ்வொன்றின் காரணத்தையும் ஆராய்ந்து தீர்ப்புக் கூறுவது நீதிமன்றத்தின் வேலை. நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. மூன்றும் மலைச்சரிவான வீதிகளில் நடந்தவை. ஒன்று இரவிலும் ஒன்று விடிவதற்கு முன்னும் நடந்தன. இரண்டில், சுற்றிப்பார்க்கவென்று தொலைவிலிருந்து வந்தவர்களின் பஸ் சம்பந்தப்பட்டிருந்தது. ரதல்லவிலோ, அந்தப் பஸ்ஸில் இராத பிறரே உயிரைப் பறிகொடுத்தார்கள். ஆகவே, உல்லாசப் பயணியின் பாதுகாப்பு என்பது அவருடைய சொந்த விஷயம் மட்டும் அன்று. அவ்வீதியில் எதிரே வருகிறவரின் உயிரும் அதில் அடங்கியிருக்கிறது.

மலைநாட்டு வீதிகள் இவ்வாறு அமைந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு - கண்டி வீதி அமைக்கப்பட்டது. அதனை வகுத்த பொறியியலாளர் டோசனின் நினைவாக 1832இல் எழுப்பப்பட்ட கோபுரத்தைக் கடுகண்ணாவையில் இன்றும் காணலாம். அதன்பின் கோப்பித் தோட்டங்களும், அவை நோயினால் அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களும் பெருகப் பெருக, வீதிகள் மலையின் மேல் படர்ந்தன. மாட்டு வண்டி செல்வதற்கென்று, மலையின் மடிப்புகளைத் தழுவித் தழுவி வெட்டப்பட்ட வழிகள் அவை. பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியையும், அவிசாவளையிலிருந்து கித்துல்கல, கினிகத்தேனை, அட்டன், தலவாக்கலை வழியாக ஏறும் வீதியையும் பாருங்கள். தார் புதியது, பாலங்கள் புதியன, றம்பொடையில் ஒரு சுரங்க வழியும் உண்டு. ஆனால் வளைவுகள் பெரும்பாலும் பழைய வளைவுகளே. மாடு நடக்கும் வேகத்துக்கு வகுத்த வளைவில் இன்று 50 ஆசனப் பஸ் திரும்புகிறது. இதை மனத்திற் கொண்டால், அவசரம் ஏன் ஆகாது என்பது தானே விளங்கும்.

இனி, மலையில் இறங்கும் வண்டிக்கு என்ன நேர்கிறது என்று பார்ப்போம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கம்பளைக்கு வருவதற்குள் 1,300 மீற்றருக்கு மேல் இறங்கிவிடுகிறோம். 10,000 கிலோகிராம் நிறையுள்ள ஒரு பஸ் 1,000 மீற்றர் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். ஏறும்போது எரிபொருளைச் செலவிட்டுச் சேர்த்த சக்தி முழுவதும் இறங்கும்போது வெளிப்பட்டே தீரவேண்டும். அதைக் கணக்கிட்டால், ஏறக்குறைய 290 லீற்றர் தண்ணீரைச் சாதாரண நிலையிலிருந்து கொதிக்க வைக்கும் வெப்பத்துக்குச் சமமாகும். ஆயிரத்து நானூறு கோப்பைத் தேநீருக்கு வேண்டிய வெந்நீர் என்று கூறினால் மலைநாட்டு நேயர்களுக்கு எளிதில் விளங்கும். இந்த வெப்பத்தின் ஒரு பகுதியைக் காற்றின் தடையும் இயந்திரமும் ஏற்றுக்கொள்ளும். எஞ்சியதெல்லாம் பிரேக்கின் மேல் விழுகிறது.

சாரதி ஓயாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக்குத் தட்டுகள் பழுக்கக் காய்கின்றன. காய்ந்த தட்டின் பிடிமானம் குறைகிறது. சிறிய வண்டிகளில் பிரேக்கு எண்ணெயே கொதித்து ஆவியாகிவிடக்கூடும். எண்ணெயை அழுத்தினால் அது சக்கரத்துக்கு விசையைக் கொண்டுசெல்லும். ஆவியை அழுத்தினாலோ அது சுருங்கிக்கொள்ளும். மிதி கீழே போகும், வண்டி நிற்காது. காற்றுப் பிரேக்குள்ள பெரிய பஸ்களில், அடிக்கடி மிதிப்பதால் தாங்கியிலுள்ள காற்றின் அழுத்தம் குறைந்துபோகலாம். பிரேக்கு இல்லாமற் போயிற்று என்று பலர் சொல்லும் விபத்துகளில், அது அந்த வினாடியில் திடீரென்று போவதில்லை. பல மைல்களுக்கு முன்னரே போகத் தொடங்கியிருக்கும்.

இதற்கு மருந்து, தாழ்ந்த கியர். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்கவேண்டும் என்பது பழைய சாரதிகளின் பாடம். அப்போது இயந்திரமே வண்டியைப் பின்னிழுத்துப் பிடிக்கும். பிரேக்கை வளைவுக்கு முன் அழுத்தமாக ஒருமுறை மிதித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிடவேண்டும். அது ஆறுவதற்கு அவகாசம் கிடைக்கும். இக்காலத்து வான்களும் கார்களும் பல தானியங்கிக் கியர் உடையவை. சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் அதை ‘டி’ என்ற இடத்தில் வைத்தபடியே மலையிறங்குகிறார்கள். அந்த வண்டிகளிலும் ‘எல்’, ‘2’, ‘பி’ என்ற இடங்களில் ஏதேனும் ஒன்று சரிவுக்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. எரிபொருளை மிச்சம் பிடிக்கவென்று கியரை விடுவித்து உருளவிடுவதும், இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்குவதும் உயிரோடு விளையாடுவதாகும். இயந்திரம் நின்றால், பிரேக்கை மிதிக்க உதவும் துணைவிசையும் சிறிது நேரத்தில் நின்றுவிடும்.

என் தாய்மாமன் ஒருவர் தோட்டத்து லொறி ஓட்டியவர். கொழுந்தும் விறகும் உரமும் ஏற்றி நாற்பது ஆண்டுகள் மலையில் ஓடியவர். இறக்கம் தொடங்கும் இடத்தில் அவர் வண்டியை நிறுத்துவார். பின்னாலிருக்கும் கிளீனர் பையன் மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு குதித்துச் சக்கரத்துக்கு அணை வைப்பான். மாமா கீழே இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைப் பிடித்துச் சூட்டைப் பார்ப்பார், சக்கரத்தைத் தொடமாட்டார். பின்பு ஒரு வெற்றிலை போட்டுக்கொள்வார். “வெத்தல போடுறதுக்கா மாமா நிறுத்துனீங்க?” என்று சிறு வயதில் நான் கேட்டேன். “வண்டிக்கும் மூச்சு வாங்கணும்டா, மாப்புள. அதுக்கு வாயில்ல, நம்மதான் நிறுத்தணும்” என்றார். அவர் இறந்து ஆண்டுகள் பல ஆகின்றன. நாற்பது ஆண்டுகளில் அவருடைய லொறி ஒருமுறையேனும் பள்ளத்தை எட்டிப்பார்த்ததில்லை. இக்காலத்துக் கற்ற பொறியியலாளர் ஒருவரும் அவர் கூறியதற்கு மேல் கூறப்போவதில்லை.

சரிவை விட்டால் அடுத்த பகை பனிமூட்டம். வட்டவளையிலும் நானுஓயாவிலும் பட்டப்பகலிலேயே முகில் வீதியில் வந்து படுத்துக்கொள்ளும். அப்போது முன்விளக்கின் உயர்ந்த ஒளியைப் போட்டால் அது பனியில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே மறைக்கும். தாழ்ந்த ஒளியே ஏற்றது. எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறதோ அந்தத் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகத்தில் மாத்திரமே செல்லவேண்டும். வேகம் இரட்டித்தால், பிரேக்கு பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் மறத்தல் ஆகாது. அந்த முகிலுக்குள் யார் வருகிறார்கள்? கொழுந்துக் கூடையோடு மலைக்குப் போகும் பெண்களும், நடைபாதையில்லாத வீதியோரத்தில் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளுமே வருகிறார்கள். சுற்றுலாப் பயணிக்கு அது ஒருநாள் காணும் காட்சி; அவர்களுக்கோ நாள்தோறும் நடக்கும் வழி.

குறுகிய ஏற்றத்தில் இரு வண்டிகள் எதிர்ப்பட்டால், இறங்கும் வண்டி ஒதுங்கி ஏறும் வண்டிக்கு வழிவிடுவது மலைநாட்டின் நல்ல மரபு. நின்ற வண்டி ஏற்றத்தில் மீண்டும் கிளம்புவது கடினம் அல்லவா? இன்னொரு செய்தி. கைத்தொலைபேசி காட்டும் வழி மிகக் குறுகிய வழியாக இருக்கலாம். மிகச் செங்குத்தான வழியும் அதுவாகவே இருக்கலாம். ரதல்ல குறுக்கு வீதியில் 2023 விபத்தை அடுத்துக் கனரக வாகனங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. தொலைபேசி கூறுவதைவிட வீதியோரத்து அறிவிப்புப் பலகை கூறுவதற்கே மதிப்பு அதிகம்.

இனிச் சட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். நமது நாட்டு வீதிகளை ஆளும் அடிப்படைச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமாகும். அது பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி வண்டியில் இருக்கவேண்டியவை சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ், நடப்பு ஆண்டுக்குரிய வாகன வருமான அனுமதிப்பத்திரம் ஆகியன. பயணிகளை ஏற்றும் பஸ்ஸுக்குத் தகுதிச் சான்றிதழும் வேண்டும். புகைப் பரிசோதனையில் தேறாத வண்டிக்கு வருமான அனுமதிப்பத்திரம் கிடைப்பதில்லை.

சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தால் மட்டும் போதாது. அது எந்த வகுப்புக்குரியது என்று பார்க்கவேண்டும். ‘பி’ வகுப்புப் பத்திரம், சாரதியையும் சேர்த்து 9 ஆசனங்களுக்கு மேற்படாத சிறிய வண்டிக்கே உரியது. அதற்கு மேற்பட்ட ஆசனங்களுள்ள சிறிய பஸ்ஸுக்கு ‘டி1’ வகுப்பும், பெரிய பஸ்ஸுக்கு ‘டி’ வகுப்பும் வேண்டும். “நம்ம தம்பிக்கு லைசன் இருக்கு, அவனே ஓட்டட்டும்” என்று சொல்லிப் பதினான்கு பேர் ஏறும் வானை அவனிடம் ஒப்படைத்தால், அவனுடைய பத்திரம் அந்த வண்டிக்குச் செல்லாது. விபத்து நேர்ந்தால் காப்புறுதி நட்டஈட்டுக்கும் இடையூறு விளையும். சொந்தப் பாவனைக்கெனக் காப்புறுதி செய்த வண்டியைக் கூலிக்கு ஓட்டுவதிலும் இதே இடையூறு உண்டு. ஆகவே, வான் பேசும்போது கட்டணத்தை மாத்திரம் பேசாமல், பத்திரங்களையும் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். நல்ல சாரதி அதனாற் கோபங்கொள்ளமாட்டார்.

முன் ஆசனத்தில் இருப்பவர்கள் ஆசனப்பட்டி அணிவது 2011ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கப்பட்டது. சட்டத்துக்காக மட்டுமன்றி உயிருக்காகவும், பட்டி இருக்கும் ஒவ்வோர் ஆசனத்திலும் அதை அணிவது நன்று. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன் ஆசனத்தில் இருப்பது அன்பு போலத் தோன்றும். ஆனால், மோதும் வேளையில் எந்தத் தாயின் கையும் பிள்ளையைத் தாங்கிப் பிடிக்கும் வலிமை உடையதன்று. மது அருந்திய சாரதியைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. பயணிகள் பின்னால் அருந்திவிட்டு “அண்ணனுக்கும் கொஞ்சம் குடுங்க” என்று நீட்டுவதுதான் நம்மிடையே உள்ள நோய். அதை நீட்டுகிற கையும் குற்றத்தில் பங்காளியே.

வெளிநாடுகளில் வாழும் நம் உறவினர் விடுமுறைக்கு வந்து, தாமே வண்டியோட்டி மலைநாட்டைச் சுற்ற விரும்புகிறார்கள். உள்ளே உறங்கவும் சமைக்கவும் வசதியமைத்த வான்களையும், அலங்கரித்த முச்சக்கர வண்டிகளையும் வாடகைக்குக் கொடுப்போர் இப்போது உண்டு. அவர்கள் தங்கள் நாட்டு அனுமதிப்பத்திரத்தை மட்டும் நம்பி ஓட்டலாகாது. இங்கே ஓட்டுவதற்குரிய அங்கீகாரத்தையோ தற்காலிக அனுமதிப்பத்திரத்தையோ முதலிற் பெறவேண்டும். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் இதற்கென ஒரு பீடத்தைக் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே 2025 ஆகஸ்டில் திறந்தது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் வலப்பக்கமாக ஓட்டிப் பழகியவர்கள், இங்கே இடப்பக்கமாக ஓட்டவேண்டும் என்பதை நினைவிற் கொள்வார்களாயினும், களைத்த வேளையில் பழைய பழக்கமே கையை இழுக்கும். விமானத்தால் இறங்கிய அன்றே மலையேறாமல், ஓர் இரவு உறங்கி எழுந்து புறப்படுவது அறிவுடைமை.

வண்டியிலேயே தங்குவோர் இன்னுமிரு செய்திகளை அறிந்திருத்தல் வேண்டும். முதலாவது, தேயிலைத் தோட்டத்து வீதி பொது வீதி போலத் தோன்றினாலும், பெரும்பாலும் அது தோட்டத்துக்கு உரியது. அழகான இடமென்று கண்டவிடத்தில் வண்டியை நிறுத்திக் கூடாரமடித்தல் முறையன்று, தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்கவேண்டும். ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்காவாக இருக்கிறது. அங்கே தங்குவதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் முன் அனுமதி இன்றியமையாதது. மரைகள் வீதியைக் கடக்கும் அவ்விடத்தில் வேகத்தைக் குறைத்தே செல்லவேண்டும். இரண்டாவது, நுவரெலியாவின் குளிர். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் அங்கே புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. குளிரைத் தாங்காமல் கண்ணாடிகளை மூடிக்கொண்டு, வானுக்குள் கரியடுப்பை வைத்தோ இயந்திரத்தை ஓடவிட்டோ உறங்குவது பேராபத்து. அதனாற் பிறக்கும் நச்சு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குகிறவர் உறங்கியபடியே மடிவர். ஒரு கம்பளியை மேலதிகமாக எடுத்துச் செல்லுங்கள். நெருப்பை வெளியே வையுங்கள்.

மழைக்காலத்தில் மலையே நகரும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டிட்வா புயலின்போது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகள் ஊர்களை மூடியதையும், வீதிகள் துண்டிக்கப்பட்டதையும் நாம் மறக்கமுடியாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மூன்று படிகளாக வெளியிடுகிறது. மஞ்சள் நிறம் விழிப்பாயிருக்கச் சொல்வது, செம்மஞ்சள் ஆயத்தமாயிருக்கச் சொல்வது, சிவப்பு வெளியேறச் சொல்வது. செல்லும் பிரதேசத்துக்கு எச்சரிக்கை இருந்தால் உல்லாசப் பயணத்தை ஒத்திவையுங்கள். கட்டிய முற்பணம் போனால் மீண்டும் உழைத்துக்கொள்ளலாம். வழியில் மேட்டுப்பக்கத்திலிருந்து கலங்கல் நீர் புதிதாகப் பாய்ந்தாலோ, சிறு கற்கள் உருண்டாலோ, வீதியில் வெடிப்புக் கண்டாலோ, அவ்விடத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்காமல் பாதுகாப்பான இடத்துக்கு விலகிச் செல்லவேண்டும்.

இவ்வளவு செய்தும் விபத்து நேர்ந்துவிட்டால் என்ன செய்வது? 1990 என்ற எண்ணை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும். பொலிஸாரை 119 என்ற எண்ணிலும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற எண்ணிலும் அழைக்கலாம். இம்மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி வண்டியின் முன்கண்ணாடிக்கு அருகே ஒட்டிவையுங்கள். எந்த மைல்கல் அல்லது கிலோமீற்றர் கல்லின் அருகில் நிற்கிறீர்கள் என்று சொல்ல முடிந்தால் உதவி விரைவில் வரும். ஆகையால், போகும்போதே கற்களைக் கவனித்துக்கொண்டு போவது நல்ல பழக்கம். பிள்ளைகளிடம் அதை ஒரு விளையாட்டாகவே ஒப்படைக்கலாம்.

நேயர்களே, இறுதியாக ஒன்று கூற விரும்புகிறேன். நாற்பது பேர் செல்லும் பஸ்ஸில் சாரதி ஒருவரே. இரவெல்லாம் விழித்து, மறுநாள் பகலெல்லாம் ஓட்டி, மீண்டும் அன்றிரவே வீடு சேர்க்கவேண்டுமென்று அவரை நெருக்குகிறவர்கள் நாம்தாம். இரண்டு நாளில் பத்து இடம் பார்க்கவேண்டும் என்று அட்டவணை போடுகிறவர்களும் நாம்தாம். அவருடைய கண் சோர்ந்து, வண்டி வளைவில் சற்று அகன்று போவதைக் கண்டும், பெரிய மனுஷர் முகத்துக்கு முன் எப்படிச் சொல்வது என்று தயங்கி மௌனமாக இருப்பதும் நம்முடைய வழக்கம். அந்த மௌனத்தின் விலை பெரிது. மரியாதை குறையாமலே சொல்ல வழியுண்டு. “அண்ணே, ஒரு எடத்துல நிப்பாட்டுங்க, எல்லாரும் ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போவோம்” என்று சொன்னால் எந்தச் சாரதியும் வருந்தமாட்டார். ஒரு கோப்பைத் தேநீர் குடிக்கும் நேரத்தில் மனிதனின் கண்ணும் தெளியும், வண்டியின் பிரேக்கும் ஆறும்.

அந்தத் தேநீரின் கொழுந்தைப் பறித்த கைகளுக்கு உரியவர்கள், நீங்கள் இறங்கப்போகும் அதே வீதியின் ஓரத்திலேதான் நடந்துகொண்டிருப்பார்கள். அவர்களும் அன்று மாலை வீடு சேரவேண்டும், நீங்களும் சேரவேண்டும். அந்த எண்ணத்தோடு தாழ்ந்த கியரில் மெல்ல இறங்குங்கள்.